50 லிட்டருக்குக் கீழே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பயோடீசல் (தாவர எண்ணெயிலிருந்து செய்து டீசலோடு கலக்கும் எரிபொருள்) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காட்டாமணக்கு, புங்கன், வேம்பு என்று விதை விதையாகச் சொல்லிக்கொண்டே போனவர், பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார். நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் 22 வருடமாகச் சிப்ஸ் கடை வைத்திருப்பவன். அந்த ஒரு வரிக்குள்தான் என் பிழைப்பு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

காட்டாமணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 2003 வாக்கில் மத்திய அரசு அதைத் தூக்கிப் பிடித்தபோது, தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது, தண்ணீரே வேண்டாம் என்றார்கள். தருமபுரி பக்கம் என் மச்சான் நம்பி இரண்டு ஏக்கரில் நட்டார். ஆடு கடிக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் தண்ணீர் காட்டாத செடியில் காயும் பிடிக்கவில்லை. 2009 கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் என்றது. 2018 கொள்கை அதை 5 சதவீதமாகக் குறைத்து, கெடுவையும் 2030-க்குத் தள்ளிவைத்தது. இன்றைக்கு ஒரு சதவீதத்தை எட்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. மச்சான் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மரவள்ளிக்குப் போய்விட்டார். அந்தக் கிழங்கில் கொஞ்சம் என் கடைக்கே சிப்ஸாக வருகிறது என்பது வேறு கதை.

புங்கன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் ‘ஹொங்கே’ என்பார்கள். என் கடை வாசலிலும் ஒன்று நிற்கிறது. எங்கள் ஆத்தா புங்க எண்ணெயில் விளக்கு ஏற்றியவள். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் அந்த எண்ணெயில் எஞ்சின் ஓட்டிப் பார்த்தார்கள். ஹாசன் பக்கம் மடேனூரில் வேளாண் பல்கலைக்கழகம் இதற்காகவே ஒரு பண்ணை வைத்திருக்கிறது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் மரம் காய்க்க வருடங்கள் ஆகும், காயைப் பொறுக்க ஆள் வேண்டும், உடைக்க வேண்டும், ஆட்ட வேண்டும். என் கடையில் மிஞ்சும் எண்ணெயை யாரும் ஆட்ட வேண்டியதில்லை. டின்னில் இருக்கிறது, வந்து எடுத்துப் போக வேண்டியதுதான்.

கடையில் சாதாரண நாளில் 15 லிட்டர் டின் இரண்டு ஆகும், தீபாவளிக்கு நான்கு. 30 லிட்டர் ஊற்றினால் 30 லிட்டரும் மிஞ்சுமா என்று சிலர் கேட்கிறார்கள். மிஞ்சாது. சிப்ஸ் குடிக்கிற எண்ணெய் கொஞ்சமில்லை. சட்டியில் குறையக் குறைய மேல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்போம். ராத்திரி அடுப்பை அணைக்கும்போது, இதற்கு மேல் ஆகாது என்று நான் ஒதுக்குவது மூன்று லிட்டர் இருக்கும். ஆகாது என்று எப்படித் தெரியும்? சரக்கைப் போட்டவுடன் பொங்குகிற நுரை அடங்காது. அடுப்பைக் குறைத்தாலும் புகை வரும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் இழுக்கும். நிறம் டிகாஷனுக்கு வந்திருக்கும்.

இதை அதிகாரிகள் தங்கள் பாஷையில் சொல்கிறார்கள். எண்ணெயில் டோட்டல் போலார் காம்பவுண்ட், அதாவது திரும்பத் திரும்பச் சுடவைப்பதில் சேரும் கெட்டுப்போன பொருள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. அப்படிக் கழிக்கும் எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பிவிட அதே வருடம் ஆகஸ்ட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘ரூகோ’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 ஆகஸ்ட்டில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் 100 ஊர்களில் இப்படிச் செய்த பயோடீசலை முதல் வருடம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம் என்றன. திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் கோடு தப்பாக விழுந்துவிட்டது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள்தான் கணக்கு எழுத வேண்டும், கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. பெரிய ஓட்டலுக்கும் கம்பெனி கேன்டீனுக்கும் டிரம்மோடு வண்டி வருகிறது. நான் 30 லிட்டர்க்காரன். என் தெருவில் பஜ்ஜி போடும் அக்கா ஐந்து லிட்டர்க்காரி. மார்க்கெட் பக்கம் மாலையில் தள்ளுவண்டி போடுகிறவர்கள் எல்லோருமே 50-க்குக் கீழேதான். அதிகமாகக் கறுத்த எண்ணெய் எங்கே கிடக்கிறதோ, அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான். வாரம் ஒருமுறை டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பையன் வருவான். லிட்டர் 40 ரூபாய், கையில் காசு. எங்கேடா போகிறது என்றால் “சோப்புக்குண்ணே” என்பான். ஒரு நாள் அதே டின்னை, என் கடை மஞ்சள் பெயின்ட் அடித்த டின்னை, இரண்டு தெரு தள்ளி ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் பார்த்தேன். அதில் பொரித்த கோபி மஞ்சூரியனைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அவனுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன்.

அப்புறம் எண்ணெய் சேகரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நூறு லிட்டர் சேர்ந்தால் வண்டி அனுப்புவார்களாம். நாளுக்கு மூன்று லிட்டர் என்றால் நூறு சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைக்குப் பின்னால் நான்கடி இடம், அதில் ஏழெட்டு டின், எலி, கரப்பான், நாற்றம். அப்படியும் சேர்த்தேன். இரண்டு தடவை வந்தார்கள், அப்புறம் வரவில்லை.

அந்த நேரத்தில் என் மகள் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். செயல்முறை வேலைக்கு எண்ணெய் கேட்டாள். இரண்டு டின் கொடுத்தேன், ஒன்று முந்தின நாள் கழித்தது, இன்னொன்று ஒரு மாதப் பழசு. ஆசிரியர் அனுமதியோடு நானும் போய் நின்று பார்த்தேன். எண்ணெயை வடிகட்டி, சூடு காட்டித் தண்ணீரைப் போக்கி, ஒரு லிட்டருக்கு 200 மில்லி மெத்தனாலும் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் கலந்து 60 டிகிரி சூட்டில் கலக்கினார்கள். (கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்லும் அதே மெத்தனால்தான். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) காலையில் போனால் முதல் ஜாடியில் மேலே தேன் நிறத்தில் பயோடீசல், அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கிளிசரின். இரண்டும் கோடு போட்டாற்போல் பிரிந்து நின்றன. அந்தக் கிளிசரின் சோப்புக்கும் போகுமாம். எக்ஸெல் பையன் சொன்னதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஜாடியில் டீசலே இல்லை, திரிந்த பால் மாதிரி ஒரு கூழ். மூடி சரியில்லாத டின்னில் ஈரம் இறங்கி, ஒரு மாதமாகக் கிடந்து எண்ணெய் புளித்துவிட்டது, அதனால் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிட்டது என்று ஆசிரியர் விளக்கினார். முதலில் அமிலத்தை முறித்து அதையும் சரிசெய்ய வழி இருக்கிறதாம், செலவுதான் கூடும்.

நூறு லிட்டர் சேர்த்து வை என்று சொல்வதில் உள்ள கோளாறு எனக்கு அங்கேதான் புரிந்தது. இது பால் மாதிரியான சரக்கு, காத்திருந்தால் கெடும். பாலை எப்படி எடுக்கிறார்கள்? ஒரே மாடு வைத்திருக்கும் அம்மாவிடமும் காலையில் இரண்டு லிட்டர் வாங்கி, கொழுப்பு பார்த்து, அதற்குத் தக்கபடி காசு எழுதுகிறார்கள். கர்நாடகத்தில் நந்தினி பால் அப்படித்தான் ஊர் ஊராகச் சேர்கிறது. ஐம்பது லிட்டர் கறக்கிறவன் மட்டும் வா என்று சொல்லியிருந்தால் இந்த நகரத்தில் காபி கிடைத்திருக்காது. எண்ணெய்க்கும் அதே மாதிரி வார்டுக்கு ஓர் இடம் போதும். உலர்கழிவு சேகரிக்கும் மையங்கள் வார்டுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே ஒரு டிரம், ஒரு தராசு, அமிலம் பார்க்க ஒரு சின்னப் புட்டி, பத்து நாளுக்கு ஒரு வண்டி. விலை எக்ஸெல் பையன் கொடுப்பதைவிட இரண்டு ரூபாய் கூட இருக்க வேண்டும். புத்திமதி சொல்லி யாரும் எண்ணெயைத் திருப்ப முடியாது. பஜ்ஜி அக்காவுக்கு அந்த நாற்பது ரூபாய் மறுநாள் கடலைமாவுக்கு ஆகும் காசு.

இதனால் பெட்ரோலியத்தை ஒழித்துக்கட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரையாளர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஒட்டவில்லை. நாடு முழுக்க ஓட்டல், கேன்டீன்களிலிருந்து வருடத்துக்கு 140 கோடி லிட்டர் எண்ணெய் எடுக்கலாம், அதில் 110 கோடி லிட்டர் பயோடீசல் வரும் என்பது அரசே 2019-இல் சொன்ன கணக்கு. நாம் எரிக்கும் டீசலோ வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி லிட்டருக்கு மேல். ஆக, நூற்றில் ஒன்று. அந்த ஒன்றுக்காக வயல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு புது எண்ணெயை டாங்கியில் ஊற்ற முடியாது, கழித்த எண்ணெயை ஊற்றலாம். கூடவே, பிள்ளைகள் தட்டுக்கு அது திரும்பி வராது. எனக்கு இதுதான் முதல் லாபம்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் குட்டி யானை டிரைவர் சட்டி எண்ணெயை நேராக டாங்கியில் ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றினால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விடும். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது நிஜம்தான், அது அந்தக் கால எஞ்சின். முறைப்படி செய்த பயோடீசலை 7 சதவீதம் வரை டீசலில் கலக்க இப்போதைய தர விதியே இடம் கொடுக்கிறது. பழைய வண்டி என்றால் டாங்கியில் படிந்த கசடை அது கரைத்துக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும், முதல் தடவை மாற்றிவிடுங்கள்.

கட்டுரையாளர் பெங்களூரு வந்தால் கடைக்கு வரட்டும், மரவள்ளி சிப்ஸ் சூடாக இருக்கும். இப்போது பின்னால் நான்கு டின் நிற்கிறது, எல்லாம் இந்த மாதத்துச் சரக்கு. எடுத்துப்போக அங்கீகாரம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை மூடியிருக்கும், மற்றபடி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
ஒரு சிப்ஸ் கடைக்காரர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு