அழிக்கப்பட்ட சுவரெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தொடர்கொலை வழக்குகள் துலங்காததற்குக் கொலைகாரனின் சாமர்த்தியமே காரணம் என்பது எனக்கு ஒப்பவில்லை. கடைசிவரை பிடிபடாத ‘ஜாக் தி ரிப்பர்’ வழக்கையே பாருங்கள். 1888இல் லண்டனில் ஒரே இரவில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவரின் ரத்தக்கறை படிந்த துணித்துண்டு கிடந்த இடத்துக்கு மேலே, சுவரில் யூதர்களைக் குறிப்பிடும் சாக்பீஸ் எழுத்து. யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடிக்குமோ என்று பயந்து, படம் எடுக்கும் முன்பே அதை அழிக்கச் சொன்னவர் போலீஸ் கமிஷனர்! இரண்டு கொலைகளும் வெவ்வேறு காவல்துறைகளின் எல்லையில் வேறு.

கலிபோர்னியாவில் 1970, 80களில் நடந்த கொலைகளுக்கு 2018இல்தான் ஆள் சிக்கினான். பத்திரப்படுத்திய மாதிரியிலிருந்து கிடைத்த டிஎன்ஏ, தூரத்து உறவினர்கள் வழியாக அவனைக் காட்டிக்கொடுத்தது. மாதிரியைத் தூக்கி எறிந்திருந்தால்? துப்புத் துலங்காத வழக்குகளின் சான்றுப் பொருட்களை, இடமில்லை என்று சொல்லி எங்குமே அழிக்கக் கூடாது. அதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்