பன்பாய் நிறத்துச் சுவர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பெயின்ட் வேலை முடியட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுத்தான் ஏணியை இறக்கினோம்.

டொரன்டோவில் உன் வீட்டுக்கு அடித்த 'அக்ரியபிள் கிரே' என்ற பெயின்ட் நிறம் பற்றி நீ எழுதியதிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. சாம்பலும் மணல் நிறமும் கலந்த கிரேஜ். விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 60 வீதத்தைத் திருப்பித் தரும் என்று எழுதியிருந்தாய். இங்கே கடைக்காரத் தம்பி வெள்ளைப் பெயின்டில் கறுப்பு, மஞ்சள், சிவப்புச் சாயங்களை மெஷினில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதற்குக் கிட்டிய ஒன்றைக் கலந்து தந்தார். நல்ல வேளை, ஒரு லீற்றர் மட்டும் வாங்கினேன்.

அப்பா போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து வெறும் மேலோடு படுத்துக் கிடப்போமே, அதே தரை. காலை வெயில் கடற்பக்க யன்னலால் வந்து அதில் பட்டதும் சுவர் ரோசாப்பூ நிறமாகிவிட்டது. மாமரத்துப் பக்க அறையில் அதே பெயின்ட் பச்சை காட்டியது. இரவில், வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில், வெறும் சாம்பல். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

பிறகு மூன்று ஹார்ட்போட் துண்டுகளில் மூன்று கலவைகளை இரண்டு தரம் அடித்து, நான்கு நாள் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்துப் பார்த்தேன். சிவப்பைக் குறைத்து மஞ்சளைச் சற்றுக் கூட்டியது வென்றது. தரை கொடுக்கும் சிவப்பை அது தாங்கிக்கொள்கிறது. பன்புல்லில் இழைத்து, புழங்கிய பன்பாயின் நிறம் என்று சொன்னால் உனக்கு விளங்கும். மின்குமிழ்களையும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்திலிருந்து 3000 கெல்வின் இளமஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டேன்.

அம்மா சுண்ணாம்பில் நீலம் கலந்து தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பித்த சுவர் அது. அதை மூட எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் இப்போதுதான் அவருடைய குத்துவிளக்கும் முதிரைக் கதவும் முதலில் கண்ணில் படுகின்றன. மாலையில் அந்த ஹோலில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், மச்சான்.

பின்சுவரில் மட்டும் பிழை விட்டோம். கார்த்திகை மழைக்குள் அவசரப்பட்டு அடித்ததில் உப்புப் பூத்து, கொப்பளித்து உரிந்தது. சுரண்டி, புதிதாகப் பூசி, ஒரு மாதத்துக்கு மேல் காயவிட்டு, சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே சரிவந்தது. மாரி முடியும்வரை யாரும் தூரிகையைத் தொடக்கூடாது.

களுவாஞ்சிகுடியில் அக்காவின் வீட்டுக்கும் என் நிறத்தையே அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். அங்கே தரை வெள்ளை டைல்ஸ். என் கலவை அங்கே பச்சை காட்டக்கூடும். நான் வேண்டாமென்று விட்ட முதல் கலவைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று துண்டுகளையும் பஸ்ஸில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் குமார்