கொசுவோடு உண்ணியையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கொசுக்கடிக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நம் தென்னாப்பிரிக்காவில் லிம்போப்போ, ம்புமலாங்கா, குவாசுலு-நட்டாலின் வடபகுதி ஆகிய இடங்களில்தான் மலேரியா பரவுகிறது என்று தெளிவாகச் சொன்னது நல்லது. டர்பனிலும் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கொசு கடித்தால் ஐஸ் ஒத்தடமும் காலமைன் பூச்சும் போதும், சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் சரி.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களைக் காய்ச்சலில் படுக்க வைப்பது உண்ணி. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. ஆடி மாதப் பூசைக்கு ஆடு வாங்கப் பண்ணைக்குப் போகிறோம். விடுமுறையில் பிள்ளைகளோடு குரூகர் பூங்காவுக்குப் போகிறோம். நாயோடு புல்வெளியில் நடக்கிறோம். எல்லா இடத்திலும் உண்ணி இருக்கிறது. இங்கே பெப்பர் டிக் என்று சொல்லும் குஞ்சு உண்ணி மிளகுத்தூள் அளவுதான் இருக்கும், கடித்ததே தெரியாது.

உண்ணியைப் பிடுங்கும் முறையில்தான் நம்மவர்கள் நிறையத் தவறு செய்கிறார்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றுவது, சிகரெட் நெருப்பால் சுடுவது, வாசலின் பூசுவது என்று இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இப்படித் தொந்தரவு செய்தால் உண்ணி தன் உமிழ்நீரைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம், கிருமியும் அதோடு உள்ளே போகலாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுங்கள். பிறகு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் விரலால் நசுக்கவே கூடாது. உண்ணியால் பரவும் கடுமையான வைரஸ் காய்ச்சலான காங்கோ காய்ச்சல் அந்த வழியிலும் தொற்றும். அது நம் நாட்டில் அரிது, ஆனால் 1981 முதல் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் கடித்து ஒரு வாரம் பத்து நாளில் வரும். தலைவலி மண்டையைப் பிளக்கும், உடம்பு முறித்துப் போட்டது போலாகும், நெறி கட்டும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறோம். எங்கள் உறவுப் பையன் ஒருவனுக்கும் முதலில் ஃப்ளூ மருந்துதான் கொடுத்து அனுப்பினார்கள். முழங்காலுக்குப் பின்னால் இருந்த கருப்புப் பொருக்கை அவன் அம்மா பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கடித்த இடத்தில் வரும் அந்தப் பொருக்குதான் முக்கியமான அடையாளம். தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்பக்கம், தலைமுடிக்குள் எல்லாம் தேட வேண்டும். ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனை ஒன்றும் இல்லை என்றே காட்டக்கூடும், ஆகவே பொருக்கை மருத்துவரிடம் நாமே காட்டுவது நல்லது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஆரம்பித்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் என்ன மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடித்தவுடனேயே, காய்ச்சல் வரும் முன்பே, இந்த மாத்திரையைத் தாமாக விழுங்கத் தேவையில்லை.

குரூகர் பூங்கா மலேரியா பரவும் பகுதியில் இருப்பதால், அங்கே போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் பொருக்கு இருந்தாலும் மலேரியாப் பரிசோதனையை அன்றைக்கே செய்துவிட வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் வரலாம், மலேரியா தாமதத்தைப் பொறுக்காது.

தடுப்புக்கு டாபார்ட், பீஸ்ஃபுல் ஸ்லீப் போன்ற டீட் (பூச்சி விரட்டும் வேதிப்பொருள்) கலந்த மருந்து கொசு, உண்ணி இரண்டுக்குமே உதவும். சன்ஸ்கிரீன் பூசுவதானால் அதை முதலில் பூசி, அப்புறம் இதைப் பூசுங்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் குளிக்க வைத்து உடம்பு முழுவதும் தடவிப் பாருங்கள். நாய்க்கும் உண்ணி மருந்து தவறாமல் போட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்பே உண்ணி பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள், பொருக்கின் படத்தோடு. வழக்கமாகக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் பொருக்கைச் சுற்றிய சிவப்பு வளையம் பளிச்சென்று தெரியும், நம் மாநிறத்தில் அப்படித் தெரிவதில்லை. நம் தோலில் எப்படி இருக்கும் என்று காட்டும் படமாகத் தேடிப் போட்டால்தான் தாய்மார்களுக்கு அடையாளம் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்