பொருள்: உங்கள் சார்ஜரால் உப்பிப்போன மோட்டார்சைக்கிள் பேட்டரி – நான்காவது முறையாகப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பினேன். "ஓகே, நோட்டட்" என்று ஒரே ஒரு பதில் வந்தது. உங்கள் கடையில் என்னிடம் தமிழில் பேசித்தான் பொருளை விற்றார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் காக்கி புக்கிட் சேவை மையக் கவுன்ட்டரில் இருக்கும் அந்த இளைஞர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். உப்பிப்போன என் பேட்டரியைப் பேனா முனையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "எழுபத்தொம்போது வெள்ளி சாமானுக்கு ஏன்ணே இவ்ளோ அலையிறீங்க? புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்றார். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு 46 வயது. வாயில்தான் அண்ணே என்று வந்ததே தவிர, பேச்சில் துளி மரியாதை இல்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நான் சிங்கப்பூரில் சாங்கி சரக்கு முனையத்தில் வேலை செய்கிறேன். காலை 5 மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு நான் குடியிருக்கும் ஈசூனிலிருந்து ரயில் கிடையாது, என் 150 சிசி பைக்தான் எனக்குக் கை கால் எல்லாம். பெரியப்பா தவறிவிட்டதால் மன்னார்குடிக்குப் போக வேண்டியதாயிற்று. காரியம், பிறகு நிலப் பத்திர வேலை என்று ஐந்து வாரம். பைக்கில் அலாரம் இருக்கிறது. அத்தனை நாள் சும்மா நின்றால் அலாரமே பேட்டரியைக் குடித்துவிடும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படியும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய இழுவை வராது. உங்களுக்குத் தெரியாததா? இதைத் தடுக்கத்தானே நீங்கள் சார்ஜர் விற்கிறீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் நாம் பயன்படுத்த பிளக் கிடையாது. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு சீட்டைக் கழற்றி, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று முறைப்படி எடுத்து, ஒன்பதாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சின்னச் சதுர நட்டு உள்ளே விழுந்துவிட்டது. கைபேசி வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடி எடுத்தேன். அவ்வளவு கவனமாகச் செய்தவனிடம்தான், "நீங்க ஒழுங்கா மாட்டலை" என்று உங்கள் தொலைபேசி ஆள் சொன்னார்.

வாங்கும்போது கடையில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பழைய டிரிக்கிள் சார்ஜர் மாதிரி இது நிறுத்தாம கரண்ட் தள்ளாது சார். பேட்டரி நிறைஞ்சதும் தானே ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைஞ்சதை அப்படியே காக்குற குறைஞ்ச வோல்ட்டுக்கு இறங்கி 13.6-ல நிக்கும். மாசக்கணக்குல மாட்டியே வைக்கலாம்." பெட்டியிலும் அதையே அச்சடித்திருக்கிறீர்கள். என் பேட்டரி ஏஜிஎம் எனும் மூடிய ஈய-அமில வகை, வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.7 இருந்தது. நீங்கள் சொன்ன பட்டனை அழுத்தி ஏஜிஎம் முறைக்கு மாற்றினேன். மறுநாள் காலை பச்சை விளக்கு எரிந்தது. நிம்மதியாக விமானம் ஏறினேன்.

இருபத்து மூன்றாவது நாள் அம்மா போன் செய்தார். முழங்கால் வலியால் அவர் ஊருக்கு வரவில்லை, வீட்டில் தனியாக இருந்தார். "தம்பி, அந்தப் பெட்டிகிட்ட அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுப்பா, தொட்டா சுடுது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சுவர் சுவிட்சை அணைக்கச் சொல்லி, சன்னல் எல்லாம் திறக்கச் சொல்லி, அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள் என்று கத்தினேன். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும். மூடிய வீட்டில் ஒரு பொறி போதும். 71 வயது அம்மா அந்த வாயுவுக்குள் நின்றுகொண்டிருந்தார். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது என்று அம்மா சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தால் பேட்டரியின் இரண்டு பக்கமும் ஆப்பம் போல் உப்பியிருக்கிறது. சும்மா வைத்து அளந்தால் 12.1 காட்டுகிறது, ஸ்டார்ட்டரை அழுத்தினால் 7-க்குக் கீழே விழுந்துவிடுகிறது. எங்கள் வட்டாரத்து மெக்கானிக் அங்கிள், நல்ல பேட்டரி ஒன்றில் உங்கள் சார்ஜரை மாட்டி ஆறு மணி நேரம் விட்டுப் பார்த்தார். விளக்கு பச்சை. மீட்டரில் 15.4 வோல்ட். ஃப்ளோட்டுக்கு அது இறங்கவே இல்லை. ஏஜிஎம் பேட்டரி அந்த வோல்ட்டில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே காய்ந்து போகாமல் என்ன செய்யும்? தண்ணீர் ஊற்றவும் வழியில்லாத பேட்டரி அது. மீட்டரும் பச்சை விளக்கும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். உங்கள் பக்கம் யாராவது திறந்தாவது பார்த்தீர்களா?

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. என் நண்பர்கள் இருவருக்கு நானே உங்கள் கடையைக் காட்டிவிட்டேன்.

ஆனால் உங்கள் சேவை மையத்துக்கு மூன்று முறை போனேன். பைக் ஓடாது, எனவே ரயில்தான். நியூட்டனில் மாறி, டௌன்டவுன் பாதையில் காக்கி புக்கிட், அங்கிருந்து நடை. முதல் நாள், பெட்டி இல்லாமல் வாங்க மாட்டோம் என்றார்கள். இரண்டாம் நாள்தான் கொடுமை. போனில் நேரம் குறித்துக்கொண்டு, பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாவற்றையும் மார்க்கெட் பையில் போட்டு, கொட்டும் மழையில் போனேன். பை நனைந்து கைப்பிடி அறுந்து, பேட்டரியைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். 1 மணி 50 நிமிடம் உட்கார வைத்துவிட்டு, "மேனேஜர் இன்னிக்கு லீவு" என்றார்கள். அப்படியானால் எனக்கு ஏன் நேரம் கொடுத்தீர்கள்? மூன்றாம் நாள்தான் அந்தப் பேனாத் தள்ளல். அதே வாயால், "இன்ஸ்பெக்ஷன் முடியிற வரைக்கும் வேற பேட்டரி மாட்டாதீங்க, வாரண்டி போயிடும்" என்றும் சொன்னார். அதை நம்பி ஒன்பது நாள் டாக்சியில் வேலைக்குப் போனேன். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதல் என்பது உங்களுக்கும் தெரியும். டாக்சிக்கு மட்டும் 362 வெள்ளி. கடைசியில் பொறுக்க முடியாமல் 88 வெள்ளி கொடுத்து வேறு பேட்டரி மாட்டினேன். அவர் சொன்ன அந்த இன்ஸ்பெக்ஷன் இன்றுவரை நடக்கவில்லை.

சார்ஜர், பேட்டரி, டாக்சி, எடுத்த இரண்டு நாள் விடுப்பு, அம்மாவின் இரத்த அழுத்தம், ஓடாத நாளுக்கும் கட்டிய சாலை வரி, காப்புறுதி, அத்தனையும் சேர்த்தால் என் நட்டம் 3,000 வெள்ளிக்குக் குறையாது. இந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

2012 செப்டம்பர் முதல் இங்கே லெமன் சட்டம் (கோளாறான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். நான் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுத எல்லாம் தயாராக இருக்கிறது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே போக எனக்கு ஆசையில்லை. நீங்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் போக வேண்டித்தான் வரும் போலிருக்கிறது.

14 நாளுக்குள் சார்ஜரின் 79 வெள்ளியும், பேட்டரியின் 88 வெள்ளியும், டாக்சிச் செலவும் என் கணக்குக்கு வர வேண்டும். மற்றதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அந்த இளைஞர் என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதே பேட்ச்சில் விற்ற மற்ற சார்ஜர்களையும் தயவுசெய்து உடனே சோதித்துப் பாருங்கள். வேறு வீட்டில் வேறு யாருடைய அம்மாவாவது தனியாக இருக்கக்கூடும்.

ரசீது, மீட்டர் படங்கள், டாக்சி ரசீதுகள் ஒன்பது, எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இனி காக்கி புக்கிட் வரமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆள் ஈசூனுக்கு வரட்டும். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்