வயசாச்சு என்று விட்டுவிடாதே

மண்டபம்

அன்புள்ள இபுராகீமுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட உடம்புக் கோளாறுகளை இந்த 61 நாளில்தான் பார்க்கிறார்கள், எங்கள் மருந்துக்கடையில் நல்ல கூட்டம்.

"ஒண்ணுக்குப் போக இரவில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறேன், வயசாச்சு" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே குழாயைச் சுற்றியிருக்கிற புராஸ்டேட் சுரப்பி ஐம்பதுக்கு மேல் பருக்கத் தொடங்கும். குழாயை அது நெருக்கினால் தாரை மெலியும், முக்க வேண்டிவரும், போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கும். அது புற்றுநோய் அல்ல. ஆனால் சர்க்கரையா, கல்லா, புற்றுநோயா, வெறும் வீக்கமா என்பது பார்த்தால்தானே தெரியும்?

நம் கரையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எல்லாவற்றையும் சூடு என்று சொல்லி வாழைத்தண்டுச் சாறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்துக் கல்லோடு வந்தவர்களும் அவர்களில் உண்டு. இங்கே இலங்கை அகதி முகாமில் ஒரு பெரியவர், 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் நடக்கப் பயந்து, மத்தியானத்துக்கு மேல் தண்ணீரையே தொடமாட்டார். "அகதியா வந்த இடத்தில இதையெல்லாம் ஆரிட்ட சொல்லுறது தம்பி" என்பார். போன மழைக்காலத்தில் எங்கேயோ வாங்கிய சளி மாத்திரையைப் போட்டிருக்கிறார், ஒரு சொட்டுகூட வராமல் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல் மாதிரி இறுகி, டியூப் போட்டுத்தான் மூத்திரத்தை எடுத்தார்கள். புராஸ்டேட் பருத்தவர்களுக்குச் சில சளி மருந்துகள் இப்படிச் செய்யும். வயதானவர் யார் வந்து கேட்டாலும் ஒண்ணுக்குச் சரியாகப் போகிறதா என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

அப்புறம் இன்னொன்று. பள்ளிவாசலுக்குப் போவது குறைந்துவிட்டது என்றாயே, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவிச் சுத்தம் செய்கிற ஒளு முறிந்துவிடும் என்ற பயத்தாலா? மார்க்கம் படித்த கீழக்கரை ஆலிம்சா ஒருவரிடம் பொதுவாகக் கேட்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை. சொட்டு நிற்காதவர், நேரம் வந்ததும் சுத்தம் செய்து ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு எடுத்துத் தொழலாம் என்றார். அதற்காக ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுவதை விட்டு வீட்டில் ஒடுங்கிக் கிடக்காதே.

டாக்டர் ஏழு கேள்வி கேட்பார், 35 மதிப்பெண்ணுக்கு. 7 வரை லேசு, 20-உம் அதற்கு மேலும் கடுமை. கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதே. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, ஸ்கேன் பார்ப்பார்கள். டாம்சுலோசின் மாத்திரை எழுதினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், இரவில் கட்டிலிலிருந்து மெதுவாக எழு. ஃபினாஸ்டெரைடு மாத்திரை என்றால் பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம், நடுவில் நிறுத்திவிடாதே. உனக்குக் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது. டாம்சுலோசின் அந்த ஆபரேஷனில் சிக்கல் தரலாம், அதனால் தொடங்குமுன் கண் டாக்டரிடம் சொல்லிவிடு. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாதே.

மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்றால் மகனிடம் மட்டும் சொல், ஸ்கேனுக்கு அவன் கூட வரட்டும். ரிப்போர்ட் வந்ததும் எழுது. பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வர முடியவில்லை என்றுதானே எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை? ரயிலில் வா. ராமநாதபுரம் ஸ்டேஷனில் நான் நிற்கிறேன்.

உன்
முருகேசன்