பலகை இருக்கிறது, ராத்திரியில் தெரிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நான்குவழிச் சாலைகளைச் சொல்லவில்லை, அங்கே பச்சைப் பலகைகள் பெரும்பாலும் தூரத்திலேயே பளிச்சென்று தெரிகின்றன. அதிலிருந்து இறங்கி மாவட்டச் சாலைக்கு வந்ததும்தான் தொல்லை. வளைவுப் பலகையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வேகத்தடைப் பலகையை மூடிக்கொண்டு சீமைக்கருவேலம், ஊர்ப் பெயரோ வெயிலில் வெளுத்து எழுத்தே இல்லை.

இந்தப் பலகைகளில் இருப்பது சாதாரண பெயிண்ட் அல்ல. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்த தாளை ஒட்டுகிறார்கள், அதுதான் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. மேலே புழுதி படிந்தாலோ எவராவது பசை தடவினாலோ அவ்வளவுதான். பகலில் ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்குப் பலகை நன்றாகத்தான் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டிவிடும், பலகை 30 மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அப்புறம் எதிரே ஹைபீமில் வருகிறவர்கள், அது தனிக்கதை.

கேட்பது பெரிய செலவில்லை. ராத்திரி ஒரு ஜீப்பில், லோபீம் போட்டுக்கொண்டு, அதே சாலையில் வந்து பாருங்கள். தெரியாத பலகையைத் துடையுங்கள், கிளையை வெட்டுங்கள், தாள் உரிந்திருந்தால் மாற்றுங்கள். போஸ்டர் ஒட்டியவரைத் தேடவே வேண்டாம், பெரும்பாலும் குடும்பத்தார் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கிறது, அபராத ரசீதை அங்கேயே அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்