சிலையை அகற்றாமல் பக்கத்தில் ஆள் நிறுத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளைக்காரர் சிலைகளை அகற்றுவது பற்றிச் சென்ற ஞாயிறு வெளியான கட்டுரை சிங்கப்பூரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தார் அப்படித் தாண்டக்கூடிய ஊரா அது?

1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடக்கிய ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை 1887இல் அங்குள்ள பாடாங் மைதானத்தில் திறக்கப்பட்டது. விளையாடுகிறவர்கள் உதைத்த பந்து அதில் போய் அடிக்கும். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பீடத்தில் ஏறிக் குந்துவார்கள். நூற்றாண்டைச் சாட்டி 1919இல் அதை எம்பிரஸ் பிளேசுக்கு மாற்றினார்கள். ஜப்பானியர் காலத்தில் நூதனசாலைக்குள் போய், 1946இல் திரும்பி வந்தது. சுயாட்சி வந்த பிறகும் அதை விட்டுவைக்கும்படி சொன்னவர் சிங்கப்பூர் அரசின் பொருளாதார ஆலோசகர் அல்பர்ட் வின்செமியஸ். வெளிநாட்டு முதலீட்டாளர் மிரளக்கூடாதாம். பச்சையாகச் சொன்னால், வியாபாரம். ராஃபிள்ஸே ஸ்தாபகர் என்று பின்னாளில் வாதாடியவரோ யாழ்ப்பாணத்தில் பிறந்த அமைச்சர் எஸ். இராசரத்தினம்!

2019இல், இருநூறாம் ஆண்டுக்கு, ஆற்றங்கரையில் நிற்கும் ராஃபிள்ஸின் வெள்ளைப் பிரதிக்குப் பக்கத்தில் வேறு நால்வரை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர். செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை தீயில் போயிற்று, கடன்பட்டு மறுபடி எழும்பினார். சவுத் பிரிட்ஜ் வீதி மாரியம்மன் கோயில் 1827இல் அவர் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பியது. சிலையை உடைக்காமலே கதையைத் திருத்திய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நால்வரும் தற்காலிகம்தான். ராஃபிள்ஸ் மட்டும் நிரந்தரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வேலைக்குப் போன எங்கள் கிளாக்கர்மாருக்கும் ஸ்டேசன் மாஸ்டர்மாருக்கும் அந்தத் தற்காலிக இடமும் கிடைக்கவில்லை. அங்கே கிடைக்காதது போகட்டும், இங்கே என்ன இருக்கிறது? என் அப்பப்பா மலாயா றெயில்வேயில் இருந்தவர். கொக்குவிலில் நாங்கள் இருக்கும் கல்வீடு அவருடைய சம்பளம்; அப்பாச்சி கடைசிவரை சீவித்தது அவருடைய பென்சன். எங்கள் ஒழுங்கையில் இப்படி இன்னும் சில வீடுகள் உண்டு.

காகம் எச்சமிட இன்னொரு தலை வேண்டாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் போதும். பென்சன் புத்தகம், ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வந்த கடிதங்கள், கோட்டும் தலைப்பாகையுமாக எடுத்த குறூப் போட்டோ எல்லாம் இன்னும் றங்குப்பெட்டிகளில் கிடக்கின்றன. பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மாநகர சபை கேட்டால் எங்கள் வீட்டுப் பெட்டியை முதலில் கொண்டுவந்து தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொக்குவில்.